செல்லுக்குச் சாகச் சொன்னது யார்?



போன ஞாயிறு தலைப்பிரட்டையின் வால் எப்படிக் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தேன். வால் அறுந்து விழுவதில்லை, அந்த வாலில் உள்ள செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து உடம்புக்குள்ளேயே உறிஞ்சப்படுகின்றன என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்த ஒரு பழைய மாணவர் (ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்ச், இப்போது அவர் பெண்ணே கல்லூரிக்குப் போகிறாள்) ஃபோன் செய்து, "டீச்சர், எல்லாம் சரி. அந்தச் செல்லுக்கு 'நீ சாகலாம்' என்று சொல்வது யார்?" என்று கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத பையன்! ஒரே வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை. இது நூற்றைம்பது வருடத்துக் கதை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரட்டைக்கு மட்டும் என்றால் பதில் சுலபம். 1912ல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டுப் பார்த்தார். அவை நேரத்துக்கு முன்பே வாலை இழந்து குட்டித் தவளைகளாகிவிட்டன. ஆக, சொல்வது தைராய்டு ஹார்மோன். ஆனால் அந்த ஹார்மோன் செல்லுக்குள்ளேயே நுழைந்து உட்கருவரைக்கும் போய் வேலை செய்வது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிற உறவுக்காரர் மாதிரி. நான் இன்று சொல்லப்போவது வேறு வகை. வாசலில் நின்று மணியை மட்டும் அழுத்திவிட்டுப் போகிற ஆள். செல்லின் வெளித்தோலில் ஒரு மணி இருக்கிறது. அதை முறைப்படி அழுத்தினால் சில மணி நேரத்தில் அந்தச் செல் உயிரோடு இருக்காது. இப்படி ஒரு மணி இருப்பதே 1989 வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

முதலில் செல் சாகும் விதங்களைப் பார்ப்போம். கல்யாணப் பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு விதமாக இல்லாமல் போகலாம். ஒன்று, தீப்பிடித்துச் சரியலாம். அக்கம்பக்கமெல்லாம் புகை, ஓட்டம், கூச்சல். இன்னொன்று, கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பந்தல்காரர் வந்து கயிற்றை அவிழ்த்து, கீற்றை இறக்கி, மூங்கிலை அடுக்கி, மதியத்துக்குள் வண்டியில் ஏற்றிவிடலாம். சாயங்காலம் அங்கே பந்தல் இருந்ததற்குக் குழி மட்டும்தான் அடையாளம். செல்லும் அப்படித்தான். அடிபட்டோ, ரத்த ஓட்டம் நின்றோ சாகும்போது வீங்கி வெடிக்கும். உள்ளே இருப்பது வெளியே கொட்டும். அந்த இடம் சிவந்து வீங்கும். முறையாகச் சாகும்போது சுருங்கும். தன்னைத்தானே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். பக்கத்துச் செல்களும் துப்புரவு செல்களும் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடும். சத்தமே இருக்காது.

இந்த இரண்டாவது சாவை 1842லேயே கார்ல் ஃபோக்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தேரையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது குறித்து வைத்திருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. உயிரியல் என்றால் செல் எப்படிப் பிறக்கிறது, பிரிகிறது, வளர்கிறது என்பதுதான் பாடம். சாவு பாடத்தில் கிடையாது. நம் பாடப்புத்தகத்திலும் மைட்டாசிஸுக்கு நாலு படம் போட்டு, சாவுக்கு ஒரு வரிகூட இல்லாத காலம் ஒன்று இருந்தது.

அதற்குப் பெயர் வைக்க 130 வருடம் ஆயிற்று. ஜான் கெர் என்று ஓர் ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, எலியின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயின் கிளையைக் கட்டிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். கல்லீரலின் அந்தப் பகுதி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் வீக்கமும் இல்லை, அழற்சியும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கங்கே ஒரு செல் மட்டும் சுருண்டு உருண்டையாகிச் செத்துக் கிடக்கிறது. பக்கத்துச் செல் நலமாக இருக்கிறது. பிரிஸ்பேன் திரும்பிய பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த அலஸ்டர் கரி, அவருடைய மாணவர் ஆண்ட்ரூ வைலி ஆகியோருடன் சேர்ந்தார். மூவரும் 1972ல் எழுதிய கட்டுரையில்தான் 'அப்போப்டோசிஸ்' என்ற சொல் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது என்று அர்த்தம். இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்று அந்தக் கட்டுரையிலேயே அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள். உலகமே அதைக் கேட்காமல் 'ப்' சேர்த்துத்தான் சொல்கிறது.

பலரும் இதைச் 'செல்லின் தற்கொலை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. உதிர்வு என்பதே போதும். கிரேக்கக்காரர் சொன்னதும் அதுதான். தவிர, மணி அடித்துச் சாகச் சொல்வது வேறொரு செல்லாக இருக்கும்போது அது எப்படித் தற்கொலை ஆகும்?

நடுவில் ஒரு புழுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாக. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு அது. கேம்பிரிட்ஜில் ஜான் சல்ஸ்டன் அதன் உடம்பில் ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று நுண்ணோக்கியில் கண் வைத்து வம்சாவளி எழுதினார். உருவாகும் உடல் செல்கள் 1090. அதில் 131 செத்தாக வேண்டும். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. சாவு விபத்து இல்லை, மரபணுவில் எழுதி வைத்த காரியம் என்று ராபர்ட் ஹார்விட்ஸ் அந்தப் புழுவிலேயே நிரூபித்தார். இவர்கள் இருவருக்கும் சிட்னி பிரென்னருக்கும் சேர்த்து 2002ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மணிக்கு வருவோம்.

1980களில் ஜப்பானில் ஷின் யோனெஹாரா என்பவர் மனித செல்களை எலிகளுக்குச் செலுத்தி, அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபாடி. அது பொதுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். செல்லைக் கொல்ல வேண்டுமானால் ரத்தத்தில் உள்ள வேறு புரதங்களோ வெள்ளை அணுக்களோ துணைக்கு வர வேண்டும். ஆனால் அவர் தயாரித்ததில் ஒன்று, யார் துணையும் இல்லாமல், வெறும் கண்ணாடித் தட்டில் வளர்ந்த மனித செல்களைக் கொன்றது. ஒட்டியது, செத்தது. எந்தப் புரதத்தின்மேல் அது ஒட்டியதோ அதற்கு 'ஃபாஸ்' என்று பெயர் வைத்தார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அவர் எலிக்குச் செலுத்திய செல் வகையின் பெயர் எஃப்.எஸ்.7, அதன் சுருக்கத்தில் வந்தது.

அதே 1989ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் பீட்டர் கிராமரின் குழுவும் இப்படியே ஓர் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தது. அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். எலியின் உடம்பில் மனிதப் புற்றுக் கட்டியை வளரவிட்டு, இந்த எதிர்ப்பொருளை ஊசி போட்டார்கள். கட்டி கரைந்தது. செத்த செல்களைப் பார்த்தால், கெர் சொன்ன அதே உதிர்வு. அவர்கள் தங்கள் புரதத்துக்கு 'அப்போ 1' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே புரதம்தான் என்று பின்னால் தெரிந்தது.

நீங்கள் அப்போது செய்தி படித்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றுதானே? அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு மனசைப் பிடித்த இடம் அடுத்து வருவதுதான்.

ஒசாகாவில் ஷிகெகாசு நாகாட்டா என்பவர் யோனெஹாராவோடு சேர்ந்து 1991ல் ஃபாஸ் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். அந்த மனித மரபணுவை எலிச் செல்லுக்குள் வைத்து, எதிர்ப்பொருளைச் சேர்த்தார். அதுவரை அந்த எதிர்ப்பொருளைச் சட்டையே செய்யாத எலிச் செல்கள் செத்து விழுந்தன. ஆக, சாவு எதிர்ப்பொருளின் விஷத்தால் வந்ததல்ல. மணி செல்லுக்குச் சொந்தமானது. எதிர்ப்பொருள் வெறும் விரல்.

சரி, உடம்பில் இந்த மணி எதற்கு? தன்னைக் கொல்லும் பொத்தானை வாசலில் வைத்துக்கொண்டு எந்தச் செல் பிழைப்பு நடத்தும்? இதற்குப் பதில் அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தில், ஜாக்சன் ஆய்வகம் என்ற எலி வளர்க்கும் நிறுவனத்தில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. அங்கே 1970களில் ஒரு வகை எலிகள் தோன்றின. அவற்றுக்கு உடம்பெங்கும் நெறி கட்டும். கழுத்தில், கக்கத்தில், வயிற்றில் நிணநீர் முடிச்சுகள் பெருத்துக்கொண்டே போகும். மண்ணீரல் வீங்கும். கூடவே, தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் நிறையும்; சிறுநீரகம் கெடும். மனிதருக்கு வரும் லூபஸ் நோய் மாதிரி. அந்தக் குறைக்கு 'எல்.பி.ஆர்' என்று பெயர் வைத்து, ஏன் என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

நாகாட்டாவின் குழு எலியில் ஃபாஸ் மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று தேடியது. 19ஆவது குரோமோசோம் என்று வந்தது. எல்.பி.ஆர் குறை இருக்கும் இடமும் அதற்குப் பக்கத்திலேயே! ஓடிப் போய் அந்த எலிகளின் ஃபாஸைப் பார்த்தால், அங்கே மணியே சரியாக இல்லை. 1992ல் இது வெளிவந்தது. எங்கிருந்தோ தாவி வந்த ஒரு மரபுத்துண்டு, ஃபாஸ் மரபணுவுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அதைச் செயலிழக்கச் செய்திருந்தது.

இப்போது அர்த்தம் புரிகிறது அல்லவா? குழந்தைக்குத் தொண்டை வலி வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது. கிருமியை எதிர்க்க வெள்ளை அணுக்கள் ஒன்று ஆயிரமாகப் பெருகுகின்றன. காய்ச்சல் போன பிறகு நெறி தானாகக் கரைகிறது. கரைகிறது என்றால்? பெருகிய அணுக்கள் செத்தாக வேண்டும். பாட்டி பத்துப் போட்டதால் கரைந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்த வெள்ளை அணுக்களையும், தன் உடம்பையே எதிரியாக நினைத்துத் திரும்பத் திரும்பத் தூண்டப்படும் அணுக்களையும் வீட்டுக்கு அனுப்பும் வழிகளில் ஃபாஸ் மணி ஒன்று. ஒரே வழி என்று சொல்ல மாட்டேன். மைட்டோகாண்ட்ரியா வழியாக நடக்கும் உள்வழியும் இருக்கிறது, சாதாரணக் காய்ச்சல் முடிந்த பிறகு அதற்குத்தான் பங்கு அதிகம். ஆனால் மணி கெட்டால் என்ன ஆகும் என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

மணியை அழுத்தும் விரல் எது என்பதும் 1993ல் கிடைத்தது. அது வேறொரு செல்லின், குறிப்பாகத் தூண்டப்பட்ட டி வெள்ளை அணுக்களின், மேற்பரப்பில் இருக்கும் புரதம். அதே ஜாக்சன் ஆய்வகத்தில் 'ஜி.எல்.டி' என்று இன்னொரு எலி வகை இருந்தது. நோய் அச்சு அசலாக அதே நோய், ஆனால் குறை வேறு குரோமோசோமில். ஓர் எலிக்கு மணி இல்லை, மற்ற எலிக்கு விரல் இல்லை என்று 1994ல் தெளிவாயிற்று. இந்த ஜோடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். பல வருடம் கூண்டில் புதிராக இருந்த இரண்டு எலிகள், ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகளாக இருந்திருக்கின்றன.

மனிதக் குழந்தைகளும் உண்டு. நெறி கட்டிக் கரையாத, மண்ணீரல் பெருத்த, தன் ரத்த அணுக்களையே அழிக்கும் குழந்தைகளைப் பற்றி 1967லேயே கனாலே, ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். லிம்போமா என்று சந்தேகப்படும்படியான வீக்கம், ஆனால் லிம்போமா இல்லை. 1995ல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஃபாஸ் மரபணுவில் குறை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அதற்கு ஏ.எல்.பி.எஸ் என்று பெயர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கென்றால் ஓடுகிறவர்களும் இதைப் படியுங்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரண்டு ஃபாஸ் மரபணுக்களில் ஒன்றுதான் கெட்டது, மற்றது நல்லது. பாதியாவது வேலை செய்ய வேண்டுமே, ஏன் செய்யவில்லை? ஏனென்றால் மணி தனியாக அடிப்பதில்லை. மூன்று ஃபாஸ் புரதங்கள் சேர்ந்தால்தான் ஒரு மணி. கூட்டுறவுச் சங்கத்துக் காசோலையில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்பது போல. செல்லின் மேல் பாதி நல்லது, பாதி கெட்டது கலந்திருந்தால், மூன்றும் நல்லதாக அமைய வாய்ப்பு எவ்வளவு? பாதியில் பாதியில் பாதி. எட்டில் ஒன்று. மீதி ஏழு கூட்டணிகளிலும் ஒரு கெட்டதாவது உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட மறுக்கிறது. நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததுதான் வருத்தம்.

மணி அடித்த பிறகு உள்ளே நடப்பதையும் பார்ப்போம். ஃபாஸ் புரதத்தின் ஒரு பாதி வெளியே, ஒரு பாதி செல்லுக்குள்ளே. உள்ளே இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 80 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. அதற்கு 'சாவுப் பகுதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே விரல் பட்டதும் மூன்று சாவுப் பகுதிகள் நெருங்குகின்றன. அங்கே 'ஃபாட்' என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. 1995ல் நைரோபியில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன விஷ்வா தீட்சித்தின் குழுவும், இஸ்ரேலில் டேவிட் வாலாக்கின் குழுவும் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஃபாட் இன்னொரு புரதத்தைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. அதன் பெயர் கேஸ்பேஸ் 8. இது மற்றப் புரதங்களை வெட்டும் கத்தரி. ஆனால் அதுவரை உறை போட்ட கத்தரி. பல கத்தரிகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது ஒன்றின் உறையை ஒன்று கழற்றிவிடுகிறது.

உறை கழன்ற கேஸ்பேஸ் 8 போய் கேஸ்பேஸ் 3 என்ற அடுத்த கத்தரியை விடுவிக்கிறது. அதன் பிறகு பந்தல் பிரிக்கும் வேலைதான். டிஎன்ஏவை வெட்டும் நொதி ஒன்று செல்லில் எப்போதுமே இருக்கிறது, ஒரு காவல் புரதம் அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. கேஸ்பேஸ் 3 அந்தக் காவலை வெட்டிவிட, நொதி உட்கருவுக்குள் புகுந்து டிஎன்ஏவைச் சம துண்டுகளாக நறுக்குகிறது. இதையும் 1998ல் நாகாட்டாதான் கண்டுபிடித்தார். கடைசியில், செல் உறையின் உட்பக்கமே இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. வாழைப்பழம் கறுப்பது போல ஓர் அடையாளம். துப்புரவு செல் அதைப் பார்த்து விழுங்கிவிடுகிறது.

இப்போது புற்றுநோய் மருந்துக்கு வருகிறேன். கிராமரின் எலிகளில் கட்டி கரைந்தது, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அந்த எதிர்ப்பொருள் மனித ஃபாஸை மட்டுமே அறியும். கட்டி மனிதச் செல், எலி எலிச் செல். அப்படியானால் எலியின் சொந்த ஃபாஸையே அழுத்தும் எதிர்ப்பொருளைப் போட்டால்? 1993ல் நாகாட்டாவின் குழு போட்டுப் பார்த்தது. சில மணி நேரத்தில் எலிகள் செத்தன. கல்லீரல் முழுக்கச் சிதைந்திருந்தது. கல்லீரல் செல்களின் வாசலிலும் இந்த மணி ஏராளமாக இருக்கிறது. ஃபாஸே இல்லாத எல்.பி.ஆர் எலிகள் மட்டும் அதே ஊசியைத் தாங்கிக்கொண்டு உயிரோடு நின்றன. ஒரு வாசலுக்கு என்று நினைத்து அழுத்திய மணி ஊர் முழுக்க அடித்துவிட்டது.

இதே குடும்பத்தில் 'டிரெயில்' என்ற இன்னொரு விரல் பிறகு கிடைத்தது. ஆய்வகத்தில் பல புற்றுச் செல்களைக் கொன்று, பெரும்பாலான நல்ல செல்களை விட்டுவைத்தது. எவ்வளவோ நம்பிக்கை. ஆனால் நோயாளிகளிடம் நடந்த முதல் சுற்றுப் பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 'புற்றுச் செல்லைத் தானே சாக வைக்கும்' என்று நம் குடும்பக் குழுவில் மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கஷாயத்தின் படம் வருகிறது. சாக வைப்பது கஷ்டமே இல்லை, தம்பிகளா. எதை விட்டுவைப்பது என்பதில்தான் இத்தனை பெரிய விஞ்ஞானிகள் முப்பது வருடமாகத் திணறிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த பகுதியை எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கை மகளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் இருந்தாள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போடுகிறார்கள். கை நன்றாகத் திறக்கிறது. போன மாதம் இணையத்தில் எதையோ படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "பெரியம்மா, இந்த ஊசி டி.என்.எஃப்பைத் தடுக்குதாம். டி.என்.எஃப்னா புற்றுக்கட்டியை அழிக்கிற பொருளாம். அதைப் போய்த் தடுத்தா எனக்குப் புற்று வந்துடாதா? நான் ஊசியை நிறுத்திடவா?" முகத்தில் அவ்வளவு பயம்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பெயர் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெயர் வந்த கதை இது. 1891 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு இளம்பெண் கை எலும்புப் புற்றால் இறந்துபோனாள். அவளுக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரால் அதைத் தாங்க முடியவில்லை. பழைய மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்துப் புற்றோடு வந்த ஒரு ஜெர்மன் குடியேறி, இடையில் தோலில் கடுமையான கிருமித் தொற்று வந்து, ஜன்னி கண்டு எழுந்த பிறகு கட்டி மறைந்துவிட்டது என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார், நலமாக இருந்தார். அன்றிலிருந்து கோலி புற்று நோயாளிகளுக்குக் கிருமிகளையும், பிறகு கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையையும் ஊசி போட்டார். சிலருக்குக் கட்டி கரைந்தது. பலருக்கு இல்லை.

ஏன் கரைந்தது என்று 1975ல் லாயிட் ஓல்டும் எலிசபெத் கார்ஸ்வெலும் அவர்கள் குழுவினரும் ஒரு பதில் சொன்னார்கள். எலிகளுக்கு பி.சி.ஜி கொடுத்தார்கள் (ஆமாம், நம் தோளில் தழும்பு போட்ட அதே பி.சி.ஜி), பிறகு கிருமி நச்சைக் கொடுத்து, ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, கட்டி உள்ள வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். கட்டியின் நடுப்பகுதி கறுத்துச் செத்தது. அந்தத் தெளிநீரில் இருந்த பொருளுக்குத்தான் டி.என்.எஃப், அதாவது கட்டியைச் சாகடிக்கும் காரணி, என்று பெயர் வைத்தார்கள்.

பத்தே வருடத்தில் பெயர் பொருந்தாமல் போயிற்று. 1985ல் நியூயார்க்கில் ஆந்தனி செராமியும் புரூஸ் பாய்ட்லரும், நோய்வாய்ப்பட்ட பிராணிகள் இளைத்துத் துரும்பாவதற்குக் காரணமான ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் அதுவும் டி.என்.எஃப்! ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அளவுக்குக் கொண்டுபோவதும் அதுதான். புற்று நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது, கட்டி கரையும் முன் ஆள் தாங்கவில்லை. எலியின் கட்டி செத்ததும்கூடப் பெரும்பாலும் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அது கெடுத்ததால்தான்.

டி.என்.எஃப்பின் மணி, ஃபாஸுக்குச் சொந்த அக்கா மாதிரி. அதற்கும் உள்ளே சாவுப் பகுதி இருக்கிறது. ஆனால் அந்த மணி அடித்தால் பெரும்பாலான செல்கள் சாவதில்லை. உள்ளே முதலில் கூடும் புரதங்கள் 'பிழைத்துக்கொள், ஆபத்து, ஊரைக் கூட்டு' என்ற மரபணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. அந்த வழி தடைபட்டால்தான் சாவு வழி திறக்கும். ஊரைக் கூட்டுவது என்றால் அழற்சி. காரணமில்லாமல் மூட்டில் ஓயாமல் ஊரைக் கூட்டிக்கொண்டே இருந்தால் அதுதான் முடக்குவாதம். லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் இதைப் புரிந்துகொண்டு, 1992ல் டி.என்.எஃப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருளை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏற முடியாதவர்கள் ஏறினார்கள்.

என் தங்கை மகளிடம் இதைத்தான் உட்கார வைத்துச் சொன்னேன். பெயர் 1975ல் ஓர் எலிக்கட்டியைப் பார்த்து வைத்தது. உன் உடம்பில் அது பார்க்கும் வேலை வேறு. இந்த ஊசி போடுகிறவர்களைப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், முடக்குவாத நோயாளிகளிடம் மொத்தத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. தோல் புற்று, லிம்போமா பற்றி மருந்துத் தாளில் எச்சரிக்கை இருப்பது உண்மை. முடக்குவாதமே லிம்போமா வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பதும் உண்மை. அதனால் பயத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கேள், நீயாக நிறுத்தாதே.

நம் ஊரில் இந்த ஊசிக்கு நிஜமாகவே பயப்பட வேண்டியது காசநோய்க்கு. நம்மில் எத்தனையோ பேர் உடம்பில் காசநோய்க் கிருமி நோயைத் தராமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருக்கின்றன. அந்தச் சுவர் இடியாமல் நிற்க டி.என்.எஃப் வேண்டும். அதைத் தடுத்தால் கிருமி வெளியே வரலாம் என்று 2001லேயே மருத்துவ இதழ்களில் எச்சரிக்கை வந்துவிட்டது. அதனால்தான் ஊசி தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, தோலில் போடும் மாண்டோ சோதனை அல்லது ரத்தச் சோதனை எல்லாம் செய்யச் சொல்கிறார்கள். இவளுக்கும் செய்தார்கள், சுத்தமாக இருந்தது. நம் சொந்தத்திலோ என் பிள்ளைகளிலோ வேறு யாராவது இந்த ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தால், அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, சாயங்காலக் காய்ச்சலோ, எடை குறைவதோ இருந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.